க்ரூஸ் கன்ட்ரோலும் வலது காலும்

மிதித்தேனா இல்லையா. மிதித்திருக்க வேண்டும், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து அந்தப் ‘புஸ்’ வந்ததே, வால்வு திறந்து காற்று உள்ளே புகுகிற சத்தம், ஐம்பதில் நின்றிருந்த முள்ளும் நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து என்று இறங்குகிறது, ஆகவே மிதித்திருக்கிறேன். தன் கால் பிரேக்கை மிதித்ததா என்று காதை வைத்துத் தெரிந்துகொள்கிற ஒரே டிரைவர் இந்த ஹூஸ்டன் பக்கத்தில் நானாகத்தான் இருப்பேன். இன்னொரு தடவை. பின்சக்கரம் இரண்டும் ஜாக் ஸ்டாண்டு மேலே அந்தரத்தில் சுற்றுகின்றன, கராஜ் கதவு அகலத் திறந்திருக்கிறது, ரேடியேட்டருக்கு முன்னால் வீட்டு ஃபேனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், ஓர் அங்குலம்கூட நகராமல் ஐம்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். அர்த்தநாரி அமெரிக்காவில் என்ன செய்தான் என்று ஊரில் யாராவது கேட்டால் இதைக் காட்டலாம், வேறு விளக்கம் தேவையில்லை. இண்டிகேட்டர் தண்டின் நுனியில் இருக்கிற பொத்தானை அமுக்குகிறேன், காலைத் தளர்த்துகிறேன், என்ஜின் தன் பாட்டுக்கு ஓடுகிறது. க்ரூஸ் கன்ட்ரோல், காலை எடுத்தாலும் வைத்த வேகத்தைப் பிடித்துக்கொள்கிற சாமான், பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். 1970இல் இந்தக் காரோடு கம்பெனியே பொருத்திக் கொடுத்தது இது, கம்ப்யூட்டர் கிடையாது, சிப் கிடையாது, ஸ்பீடாமீட்டர் கேபிளில் சுற்றுகிற ஒரு சின்ன கவர்னர், என்ஜின் உறிஞ்சுவதில் சுருங்குகிற ஒரு ரப்பர் டப்பா, அந்த டப்பாவிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு பாசிமணிச் சங்கிலி, அவ்வளவுதான். எனக்கு முன்னால் இதை வைத்திருந்த புண்ணியவான் ரேஸ் ஆசையில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டான். பெரிய என்ஜின் வைத்துச் சீறுகிற மஸில் காருக்கு எதற்கு க்ரூஸ் கன்ட்ரோல், அது கிழவர்களுக்கு என்று நினைத்திருப்பான். சரிதான், கிழவன் வந்துவிட்டேன். எட்டு மாதம் தேடினேன். டப்பா ஓக்லஹோமாவில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது, தண்டு ஒஹையோவில் செத்துப்போன ஒருவனின் ஷெட்டிலிருந்து வந்தது, வால்வு மட்டும் இரண்டு முறை தப்பாக வந்து மூன்றாம் முறை சரியாக வந்தது. பெட்ரோலைக் குடிக்கிற இந்தப் பழைய வண்டிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று தமிழ்ச் சங்கத்தில் கேட்காத ஆள் பாக்கியில்லை. பொழுதுபோக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பொழுதுபோக்கு இல்லை. நாளைக் காலை ஐந்து மணிக்கு இந்த வண்டியில் உட்கார்ந்து டல்லாஸுக்குப் போகிறேன், இருநூற்று அறுபது மைல், பத்தரைக்கு முகில் வீட்டுப் புதுமனை புகுவிழா. ஒரே மகன், முதல் வீடு, அப்பன் வந்து இறங்க வேண்டாமா. அப்பா, ஃப்ளைட்ல வந்துடுங்களேன், ஒரு மணி நேரம்தான், நான் ஏர்போர்ட் வந்து கூட்டிக்கிறேன். கூட்டிக்கிறானாம். பார்சலைக் கூட்டிக்கொள்வது போல. நான் ஓட்டி வர்றேன்டா என்றேன். அந்தப் பக்கம் ஒரு மௌனம், அம்மா கிட்ட குடுங்க என்றான். எனக்கு அந்த மௌனம் தெரியும், வேலையை விட்டு அனுப்பிய அன்று மேனேஜர் பேசுவதற்கு முன்னால் விட்டானே, அதே மௌனம். நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் இருநூற்றிருபது மைல் காலுக்கு வேலையே இல்லை, பொத்தானை அமுக்கிவிட்டுக் கைகளால் ஓட்டிக்கொண்டு போகலாம். ஏறுகிற இடம், இறங்குகிற இடம், இரண்டு இடத்தில்தான் கால் வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை டாக்டரிடம் சொன்னால் அந்த அம்மாள் என்ன சொல்வாள் என்றும் தெரியும். பிப்ரவரியில் அவள் ஒரு நைலான் நரம்பை எடுத்து, கண்ணை மூடுங்கள், பாதத்தில் தொடும்போது சொல்லுங்கள் என்றாள். நான் கண்ணை முழுசாக மூடவில்லை. சின்ன இடுக்கு வைத்துக்கொண்டேன். அவள் தோள் அசையும்போதெல்லாம் யெஸ், யெஸ். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதைவிடச் சுத்தமாகச் செய்தேன். கடைசியில் தோள் அசைந்தது, யெஸ் என்றேன், அவள் நரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், இந்த முறை நான் தொடவில்லை என்றாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சர்க்கரை, இருபது வருஷச் சர்க்கரை, வலது பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, இடது ஆரம்பித்திருக்கிறது, வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலில் நடக்காதீர்கள், ஒரு கொப்புளம் வந்தால்கூட அன்றே வாருங்கள், இந்தக் காலோடு கார் ஓட்டாதீர்கள். வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி தமயந்தி, என்ன சொன்னாங்க என்றாள். க்ரீம் போடச் சொன்னாங்க என்றேன். அவளும் சரிங்க என்றாள், கேள்வி கேட்கத் தெரியாதவள்.

கொப்புளம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் பொருளாளராக இருந்த ஞானசேகருக்குப் புது ஷூ கடித்தது, பெருவிரலில் பட்டாணி அளவு, ஆறு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பொங்கல் விழாவில் வீல்சேரில் அவனை முதல் வரிசையில் நிறுத்தினார்கள், எல்லோரும் போய்க் குனிந்து பேசினார்கள், நானும் குனிந்தேன். குனிந்து பேசுகிறவர்களின் முகத்தை அவன் பார்த்த பார்வை எனக்குத்தான் புரிந்தது. அதனால் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த கனத்த ஷூவைத்தான் நாள் முழுக்கப் போடுகிறேன், இதோ கராஜ் வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்திருக்கிறேன், வண்டிக்குள் மட்டும் போடுவதில்லை. வண்டிக்குள் எப்படிப் போடுவது. சங்ககிரி லாரிக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு அது கை வராது. கேபினுக்குள் செருப்பு ஏறக்கூடாது, கிளீனராக இருந்தாலும் முதலாளியாக இருந்தாலும் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும், எட்டு வயதில் ஒருமுறை மறந்து ஏறிவிட்டேன், செருப்போட ஏறுனீன்னா காலை ஒடிச்சுப்போடுவன் என்று அப்பா விட்ட அறையில் காது ஒரு நாள் முழுக்க ரீங்காரம் போட்டது. பாசமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன் அந்த லாரிக்கு மட்டும் தினமும் பூப்போட்டார். அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆனால் நாற்பது வருஷமாக, சாமி இல்லை பூதம் இல்லை என்று சங்கத்தில் மேடைபோட்டுப் பேசிவிட்டு வந்து, காருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறேன். இந்த வண்டி வந்த அன்றைக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன், எதிர்வீட்டு வெள்ளைக்காரன் வந்து, டயருக்கு நல்லதா என்று கேட்டான், வைட்டமின் சி என்றேன், நம்பிவிட்டான். அதுவும் போக அந்தத் தடித்த ஷூவோடு மிதித்தால் கொஞ்சநஞ்சம் தெரிவதும் தெரியாது. குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும், இடது பக்கம் பிரேக், வலது பக்கம் ஆக்ஸிலேட்டர், குதிகால் அசையவே கூடாது, அப்படி ஓட்டினால்தான் தப்பு வராது. ஜனவரியில் இந்தியக் கடை பார்க்கிங்கில் குதிகால் அசைந்திருக்க வேண்டும்.

அதை நினைக்கக்கூடாது. வேலை நடக்கும்போது நினைக்கக்கூடாது. நிறுத்தத்தான் மிதித்தேன், வண்டி முன்னால் பாய்ந்தது, தள்ளுவண்டி அடுக்குகிற கம்பியில் போய் மோதியது, அங்கே ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு நிமிஷம். இறங்கி வந்த தமயந்தி பம்பரைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், கறிவேப்பிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது, ஏனென்றால் தொண்ணூற்றைந்தில், முகிலுக்கு இரண்டு வயது, காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பார்க்கிங்கில் நான் அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை கத்தினேன் என்பதுதான் உண்மை. மூன்றாவது ஞாயிறு அவள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், வண்டி புல்வெளியில் ஏறி நின்றது, ஒன்றும் ஆகவில்லை, பிரேக் எது ஆக்ஸிலேட்டர் எதுன்னு தெரியாத உனக்கெல்லாம் எதுக்குடி வண்டி, சோத்தாங்கை பீச்சாங்கை தெரியுமா முதல்ல என்று பின்சீட்டில் குழந்தை அழுகிற அளவுக்குக் கத்தினேன். அவள் சாவியைத் திருப்பி ஆஃப் செய்து, என் கையில் கொடுத்துவிட்டு, இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பக்கம் போகவேயில்லை. இருபத்தெட்டு வருஷம், கடைக்கு, கோயிலுக்கு, பல் டாக்டருக்கு, எல்லாவற்றுக்கும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது நான் ஓட்டாவிட்டால் இந்த வீட்டில் ஓட்ட ஆள் இல்லை. எவ்வளவு நன்றாக வெட்டியிருக்கிறேன் குழியை.

“ஏனுங்க, மணி ரெண்டாச்சு. சாப்பிட வர்றீங்களா இல்லீங்களா?” உள்கதவில் அவள் நிற்கிறாள், என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்துகிறாள். “வர்றேன் போ புள்ள, முடியப் போவுது.” போகவில்லை. சுற்றுகிற சக்கரத்தைப் பார்க்கிறாள், வாசலில் கிடக்கிற ஷூவைப் பார்க்கிறாள். “வெறுங்காலோட உக்காந்திருக்கீங்க?” “வண்டிக்குள்ள பின்ன எப்படி உக்காருவாங்க?” ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு, “நாளைக்கு நம்ம வீட்டுக் கார்லயே போலாமுங்களே, அதுல எல்லாமே இருக்குது” என்றாள். இருக்கிறது, எனக்குத் தெரியாதா, அதில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாகவே வேகத்தைக் குறைக்கிற ரேடார்கூட இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் நான் டிரைவர் இல்லை, ஏற்றிக்கொண்டு போகிற சாமான். இதில் ஒவ்வொரு திருகும் நான் போட்டது, சங்கிலியில் எத்தனை மணி தொங்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது, இது ஓடினால் நான் ஓட்டுவதாக அர்த்தம். இதை எப்படி அவளிடம் சொல்வது. “சோத்தைப் போட்டு வை, வர்றேன்” என்றேன். போய்விட்டாள். அவள் போனதும் வால்வை இன்னும் நூலளவு முன்னால் தள்ளினேன், பெடலை லேசாகத் தொட்டாலே துண்டிக்க வேண்டும், எனக்கு லேசாகத் தொடுவது எது என்று தெரியாது என்பதால் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது. பொத்தான். கால் தளர்வு. பிரேக். புஸ். மறுபடி. புஸ். பத்துத் தடவை வைத்தேன், பத்தும் சரி. அறுபதில் வைத்தேன், சரி. முள் நூலில் கட்டியது போல அறுபதில் நிற்கிறது, எட்டு மாதத்துக்குப் பிறகு, ஐம்பத்து மூன்று வருஷத்துப் பழைய இரும்பு, நான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நாளைக் காலை முகில் வாசலில் நின்றுகொண்டிருப்பான், தெருமுனையில் இந்த என்ஜின் சத்தம் கேட்கும், விருந்தாளிகள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள், யாரும் குனிந்து பேச வேண்டியிருக்காது.

என்ஜினை அணைத்தேன். சக்கரங்கள் மெல்ல நின்றன. அப்போதுதான் தரையில் ஈரத்தைப் பார்த்தேன். கார்ப்பெட்டையும் அதற்கடியில் சூட்டைத் தடுக்கிற கம்பளியையும் ஒயர் இழுப்பதற்காகப் போன வாரமே கழற்றிவிட்டேன், வெறும் தகடு, அதில் பெடலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஏதோ பளபளக்கிறது. முதலில் வந்தது எரிச்சல்தான். பிரேக் ஆயிலா, எங்கே கசிகிறது, இனிமேல் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால் நாளைக் காலை எங்கே போவது. இல்லை ஹீட்டரிலிருந்து தண்ணீரா. குனிந்து விரலில் தொட்டுப் பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தேன், ஆயில் என்றால் வழுக்கும், கூலன்ட் என்றால் இனிப்பாக நாறும், இது வழுக்கவில்லை, நாறவில்லை, விரலில் லேசாக ஒட்டியது. மறுபடி ஈரத்துக்குப் பக்கத்தில் தகட்டையே தொட்டேன், விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், தகடு சுட்டது. அடுப்பில் வைத்த தோசைக்கல் போலச் சுட்டது. கை அதைச் சொன்னது, ஒரு நொடியில் சொன்னது, கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. புண்ணியவான் ரேஸுக்காகப் போட்ட சைலென்சர் குழாய் இந்தத் தகட்டை உரசிக்கொண்டுதான் போகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நாற்பது நிமிஷம் ஓடியிருக்கிறது, ஃபேன் காற்று ரேடியேட்டரோடு நின்றிருக்கும், எல்லாம் தெரிந்த விஷயம், ஓர் என்ஜினீயருக்குத் தெரிந்த விஷயம். குதிகால் அசையவே கூடாது என்று அவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் ஊன்றியிருந்தேன். காலைத் தூக்கினேன். ஏதோ பிய்கிற சின்னச் சத்தம் கேட்டது, அதையும் காதுதான் சொன்னது. குதிகாலின் தோல் தகட்டில் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், அது என்னுடையதாகவே இல்லை, வெள்ளையும் சிவப்புமாகக் கறிக்கடையில் தொங்குகிற ஏதோ ஒன்று. நான் அலறவில்லை. அலறுவதற்கு வலி வேண்டும். தமயந்தி, என்று கூப்பிட்டேன், சத்தம் வரவில்லை, ஹாரனை அமுக்கினேன், கையை எடுக்காமல் அமுக்கினேன்.

அவள் வந்தாள், பார்த்தாள். உள்ளே போய்ச் சுத்தமான வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து காலைச் சுற்றினாள், முடிச்சு சரியாக விழுந்தது. “ஆம்புலன்ஸ் கூப்புடு” என்றேன். “வேண்டாமுங்க, நானே கூட்டிட்டுப் போறன்.” எனக்குப் புரியவில்லை, யாரையாவது கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்து வீட்டுக் காரின் இந்தப் பக்கம், அவள் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்த பக்கம், உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், அதற்கான இடங்கள் அவள் கைக்குத் தெரிந்திருந்தன. “மே மாசமே லைசென்ஸ் வாங்கிட்டனுங்க” என்றாள், என்னைப் பார்க்காமல், பின்னால் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். “முகில்தான் டிரைவிங் ஸ்கூல்ல சேத்திவுட்டான். நீங்க தூங்கற நேரத்துல வந்து கூட்டிட்டுப் போவாங்க.” எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். “டாக்டர் எழுதுனது மார்ச்சுல கம்ப்யூட்டர்ல வந்துச்சுங்க. படிச்சன்.” மார்ச். மூன்று மாதமாக நான் நடித்த நாடகத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகை வந்தது, இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. “ஏன்டி எங்கிட்டச் சொல்லல?” “சொன்னா கத்துவீங்க” என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. “நாளைக்கு நானே ஓட்டிட்டுப் போலாம்னுதான் இருந்தன். எப்படிச் சொல்றதுன்னு நாலு நாளா யோசிச்சிட்டே இருந்தனுங்க.” நாளை இனி இல்லை. நாளைக்கு நான் எங்கே படுத்திருப்பேன் என்று இருவருக்கும் தெரியும். நெடுஞ்சாலையில் ஏறினாள். ஏதாவது தப்பு செய்வாள் என்று பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், காலில் தோல் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் பார்த்தேன், லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள், லாரிக்குப் பின்னால் போதுமான இடம் விட்டாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அறுபது வந்ததும் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினாள், பார்க்காமலே. வண்டி அறுபதில் நின்றது. காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் போனபிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். “ரொம்ப வலிக்குதுங்களா?” நான் ஆமாம் என்று சொல்லப் போனேன், யெஸ், யெஸ் என்று பழகிய வாய். “இல்ல தமயந்தி” என்றேன். “கொஞ்சம்கூட வலிக்கல.” அவள் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், அவள் கன்னம் நனைவதைப் பார்த்தபோதுதான் நானும் அழுதேன்.